உட்கருவில் ஓர் ஓட்டையும் அதற்கு இட்ட ஒட்டும்

அந்தமான் தீவுகளின் தலைநகரிலே, மணிக்கூண்டைச் சுற்றிப் பரந்து கிடக்கும் அபர்டீன் பஜாரில் விற்கப்படும் பொருள்களுள் பெரும்பாலானவை கடல் கடந்து வருபவை. பருப்பும் எண்ணெயும், துணிமணியும் மருந்தும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலேறி வந்தாக வேண்டும். கப்பல் நான்கு நாள் பிந்தினால் என்ன நேரும் என்பதை அங்கே கடை வைத்திருக்கும் தமிழ் வணிகர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்நகரம் நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று வழங்கியது. 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பெற்றது. பெயர் மாறினும் தொலைவு மாறவில்லை. சென்னைக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது.

அக்கடலைக் கடந்து வரவேண்டிய சரக்கு மற்றொன்றும் உண்டு. அது மூட்டையிலும் பெட்டியிலும் வருவதன்று. தராசில் இட்டு நிறுக்கவும் இயலாது. கடைகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கணிப்பொறிகளின் நிரல்களில் பிழை கண்டறியப்படும்போது, அவற்றை ஆக்கிய நிறுவனத்தார் அனுப்பும் திருத்தமே அச்சரக்கு. அதனைப் பேட்ச் என்பர்; கிழிந்த துணிக்கு வைத்துத் தைக்கும் ஒட்டு என்பதே அச்சொல்லின் பொருள். அந்த ஒட்டு எதற்காக வருகிறது, வராவிட்டால் என்ன கெடும், வந்து சேர்ந்த பின்னரும் அது பயன்பட வேண்டுமானால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை, 2017-ஆம் ஆண்டில் உலகைக் கலக்கிய உண்மை நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

முதலில் கணிப்பொறியின் உள்ளமைப்பைப் பற்றிச் சில சொற்கள். நாம் திரையில் காணும் கணக்கெழுதும் நிரல், கடிதம் எழுதும் நிரல், படங்காட்டும் நிரல் ஆகியவை பஜாரில் உள்ள தனித்தனிக் கடைகளைப் போன்றவை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய கிடங்கு இருப்பதாகக் கொள்வோம். அக்கிடங்குதான் நினைவகம். எந்தக் கடைக்காரரும் தாமே அதனுள் நுழைந்து சரக்கை எடுக்கவோ வைக்கவோ கூடாது. கிடங்குப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டும். இன்ன தட்டு இன்னாருக்கு என்று அவர் ஒதுக்கிக் கொடுப்பார். அப்பொறுப்பாளரின் இடத்தில் இருப்பது, விண்டோஸ், லினக்ஸ் முதலான இயக்க முறைமைகளின் நடுவே அமைந்துள்ள கெர்னல். அதனை உட்கரு என்று தமிழிற் சொல்லலாம். கடைக்காரர் ஒருவர் தவறு செய்தால் அவர் கடையை மட்டும் மூடிவிட்டு ஏனைய கடைகள் நடக்கும். பொறுப்பாளரே தவறு செய்தால் அவரைத் தடுக்க அவருக்கு மேல் ஒருவரும் இல்லை. சாவிக்கொத்து முழுவதும் அவரிடமே இருக்கிறது.

கிடங்கில் ஒருவருக்கு ஒதுக்கிய தட்டில் கொள்ளும் அளவுக்கு மேல் சரக்கை அடுக்கினால், மிஞ்சியது பக்கத்துத் தட்டிலே சரியும். நினைவகத்தின் தட்டுகளுக்கு இடையே சுவர் கிடையாது. ஒரு பைட்டை அடுத்து மற்றொரு பைட், அதனை அடுத்து இன்னொன்று என்று வரிசையாக அமைந்ததே அது. ஆகவே அளவுக்கு மேல் எழுதப்பட்டது, பக்கத்தில் இருந்ததை அழித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். இதையே நினைவகச் சிதைவு என்கிறோம். சரக்கு மட்டும் கெடுமானால் நட்டத்தோடு போயிற்று என்று விட்டுவிடலாம். ஆனால் அத்தட்டுகளிலே, “இது முடிந்ததும் இன்ன இடத்துக்குச் சென்று இன்ன வேலையைச் செய்க” என்று பொறுப்பாளர் தமக்கெனவே எழுதி வைத்த குறிப்புச் சீட்டுகளும் கிடக்கின்றன. சரியும் சரக்கினுள் ஒரு போலிச் சீட்டைச் செருகி, அது சரியான இடத்தில் போய் விழுமாறு ஒருவன் செய்துவிட்டால், பொறுப்பாளர் அதைத் தம் கையெழுத்தென்றே நம்பி அதன்படி நடப்பார். அந்தக் கணம் முதல் சாவிக்கொத்து அவனுடையது.

இனி, நிகழ்ந்தது என்ன என்று காண்போம்.

ஓர் அலுவலகத்தில் ஐந்தாறு கணிப்பொறிகள் இருந்தால், ஒன்றில் உள்ள கோப்பை மற்றொன்றிலிருந்து திறக்கவும், ஒரே அச்சுப்பொறியை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்வது வழக்கம். விண்டோஸில் இதற்கென உள்ள முறையின் பெயர் எஸ்.எம்.பி. அதன் முதற்பதிப்பு 1980-களில் உருவானது. அக்காலத்தில் ஐ.பி.எம். நிறுவனமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து ஓ.எஸ்.2 என்னும் இயக்க முறைமையை ஆக்கியிருந்தன. அதில் ஒவ்வொரு கோப்போடும் சில கூடுதற் குறிப்புகளைப் பட்டியலாகச் சேர்த்து வைக்கும் வசதி உண்டு. அத்தகைய பட்டியல் ஒன்று விண்டோஸ் பொறிக்கு வந்தால், அதனை விண்டோஸின் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் பகுதி உட்கருவோடு இணைந்த நிரலில் எழுதி வைக்கப்பட்டது. ஓ.எஸ்.2 வழக்கொழிந்தது, அதனோடு பேசுவதற்கென அமைத்த அறை மட்டும் இடிக்கப்படாமல் இருந்தது. பழைய வீடுகளில் யாரும் புழங்காத பின்கட்டு இருப்பதுண்டல்லவா? திருடன் தேடுவதும் அதைத்தான்.

அந்தப் பகுதி செய்த பிழையை ஒரு பேரேட்டைக் கொண்டு விளக்குவோம். மொத்தத்தை எழுத ஆறு கட்டங்கள் உள்ள பேரேடு ஒன்றில், வந்த சரக்கு 1,00,000 உருப்படி என்று எழுதியிருக்கிறது. கணக்கர் எண்ணிப் பார்க்கிறார். கடைசியில் உள்ள சில உருப்படிகள் செல்லாதவை. நல்லவை 99,373 மட்டுமே. மொத்தத்தைத் திருத்த முற்படும் அவர், கடைசி ஐந்து கட்டங்களை மட்டும் அழித்து எழுதிவிட்டு, இலட்சத்தின் கட்டத்தில் இருந்த ஒன்றை அப்படியே விட்டுவிடுகிறார். குறைந்திருக்க வேண்டிய மொத்தம் 1,99,373 என்று ஆகிவிடுகிறது! இலட்சத்துக்குக் குறைந்த மொத்தங்களையே நாள்தோறும் எழுதி வந்தவரை இப்பழக்கத்தால் ஒரு தீங்கும் இல்லை. ஆறாவது கட்டம் வெறுமையாகவே இருந்ததால் கணக்கு எப்போதும் சரியாகவே வந்தது. இப்பிழை பல்லாண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்ததற்குக் காரணமும் அதுவே.

கணிப்பொறியில் நடந்ததும் இதுதான். கட்டங்கள் மட்டும் வேறு. பட்டியலின் மொத்த அளவு 32 பிட் கொண்ட எண்ணாக வைக்கப்பட்டிருந்தது. அதனைத் திருத்தும் கட்டளையோ கீழ்ப்பாதியாகிய 16 பிட்டை மட்டுமே எழுதியது. உலகெங்கும் பரவிய தாக்குநிரலில் பட்டியலின் அளவு 65,536 பைட் என்று அனுப்பப்பட்டது. அதில் செல்லத்தக்க பகுதி 65,373 பைட். திருத்தியபின் நின்ற எண்ணோ 1,30,909. ஆனால் மாற்றப்பட்ட பட்டியலை வைப்பதற்கு ஒதுக்கிய இடம், செல்லத்தக்க பகுதியைக் கணக்கிட்டு ஒதுக்கியது. ஏறத்தாழ 70,000 பைட்டுக்குள் அடங்குவது. எல்லை வெகுதொலைவில் இருப்பதாக நம்பிய உட்கரு, இடம் முடிந்த பின்னும் எழுதிக்கொண்டே சென்றது. தாக்குவோன் எவ்வளவு சரிய வேண்டுமென்று விரும்பினானோ அவ்வளவு சரிந்தபின், அவன் வேண்டுமென்றே வைத்திருந்த கோணலான பதிவு ஒன்றைக் கண்டு நின்றது. அதற்குள் பக்கத்துத் தட்டின் குறிப்புச் சீட்டு மாறிவிட்டது.

இவ்வளவு பெரிய பட்டியலை அனுப்ப முடியும் என்பதை நிரலை எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். எதிர்பார்க்கவில்லை, அதற்கு நியாயமும் உண்டு. அப்பட்டியலைக் கொண்டுவரும் கோரிக்கை வகையிலே அளவைக் குறிக்க 16 பிட்டுக்கு மேல் இடமே கிடையாது. எனவே மேற்பாதி என்றும் பூச்சியமாகவே இருக்கும். ஆனால் அளவுக்கு 32 பிட் இடமுள்ள வேறொரு கோரிக்கை வகையும் இருந்தது. முதல் தவணையைப் பெரிய வகையில் தொடங்கி, கடைசித் தவணையைச் சிறிய வகையில் முடித்தால், கடைசியில் வந்ததைப் பார்த்து முழுவதையும் சிறிய வகையென்றே அந்நிரல் எடுத்துக்கொண்டது. முன்வாசலில் பெரிய மூட்டையோடு நுழைந்தவனை, வெளியே போகும்போது காட்டிய சிறு சீட்டைக் கொண்டு மதிப்பிட்டாற்போல! தனித்தனியே நோக்கினால் இரண்டும் சில்லறைப் பிழைகள். இரண்டையும் ஒன்றாக முடிச்சிட்டவனுடைய அறிவை நாம் வியக்கலாம். அதன் பயனை வியப்பதற்கில்லை.

இம்முடிச்சு முதலில் அவிழ்ந்தது கள்வர் கையில் அன்று. எடர்னல்புளூ என்று பெயரிடப்பட்ட இத்தாக்குக் கருவி அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிடமிருந்து களவு போனது என்று, மைக்ரோசாஃப்ட் தலைவர் பிராட் ஸ்மித் 2017 மே மாதத்தில் வெளிப்படையாகவே எழுதினார். ஓட்டை இருப்பதை அறிந்த அரசு நிறுவனம், அதை அடைக்கச் சொல்லாமல் தன் பயனுக்கு வைத்துக்கொண்டால் அதன் விலையை யார் கொடுப்பது என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்றும் அடங்கவில்லை. நிழல் தரகர்கள் என்னும் பொருளில் ஷேடோ புரோக்கர்ஸ் என்று தம்மை அழைத்துக்கொண்ட கூட்டத்தார், 2017 ஏப்ரல் 14-ஆம் நாள் அக்கருவியை உலகறிய வெளியிட்டனர்.

அதற்கு ஒரு மாதம் முன்னரே, மார்ச்சு 14-ஆம் நாள், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எம்.எஸ்.17-010 என்னும் எண்ணிட்டு ஒட்டை வெளியிட்டிருந்தது. மேலே கூறிய கட்டளை கீழ்ப்பாதியை மட்டும் எழுதுவதற்குப் பதிலாக 32 பிட்டையும் முழுமையாக எழுதும்படி மாற்றப்பட்டது. ஆறு கட்டங்களையும் அழித்து எழுது என்று கணக்கருக்குச் சொன்னதே அத்திருத்தத்தின் உயிர்நிலை. பழுது எவ்வளவு பெரிதோ ஒட்டும் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைப்பது உட்கருவைப் பொறுத்தவரை பொருந்தாது. தைப்பது ஓர் இழை. எங்கே தைப்பது என்று காண்பதும், தைத்ததனால் வேறெதுவும் இழுபடவில்லை என்று விண்டோஸின் பதிப்பு ஒவ்வொன்றிலும் சோதித்து அறிவதுமே பெரும் பணி.

ஒட்டு வெளியானதும் ஓட்டை மூடிற்று என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அன்றுதான் ஆபத்தின் இரண்டாம் பருவம் தொடங்குகிறது. பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், மாறியிருப்பது எந்த இடம் என்று தெரிந்துவிடும். பழுது பார்த்த இடமே திருடனுக்கு வழிகாட்டியாகிவிடும். ஆதலால் ஒட்டை இட்டுக்கொண்ட பொறி முன்னினும் காவலுடையதாகிறது. இடாத பொறியோ முன்னினும் காவலற்றதாகிறது. நேற்றுவரை சமமாக இருந்த இரண்டையும் ஒரே நாளில் வேறாக்கிவிடுகிறது அந்த வெளியீடு.

மார்ச்சு 14-லிருந்து மே 12 வரை 59 நாட்கள். அந்த மே 12, வெள்ளிக்கிழமையன்று, வானாகிரை என்னும் புழுநிரல் உலகெங்கும் பரவியது. அது பரவுவதற்கு எவரும் ஓர் அஞ்சலைத் திறக்க வேண்டியதில்லை, எதையும் அழுத்த வேண்டியதில்லை, கடவுச்சொல்லும் வேண்டியதில்லை. கோப்புப் பகிர்வின் வாயில் திறந்திருந்து, ஒட்டு இடப்படாதிருந்தால் போதும். உள்ளே புகுந்ததும் கோப்புகளை மறைகுறியாக்கி, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கொடுத்தால் மீட்டுத் தருவதாகத் திரையில் எழுதிக் காட்டியது. உடனே பக்கத்துப் பொறியைத் தேடியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பொறிகள் பாதிக்கப்பட்டன என்று ஐரோப்பியக் காவல் அமைப்பாகிய யூரோபோல் கூறியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரப் பணியில் மூன்றில் ஒரு பங்கு மருத்துவ அமைப்புகளின் பணி இடர்ப்பட்டது. மருத்துவரைக் காண நாள் குறித்துக்கொண்டிருந்த பல்லாயிரம் நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். நம் நாட்டில் ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் சில கணிப்பொறிகளும், கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் பஞ்சாயத்து அலுவலகக் கணிப்பொறிகளும் அதற்கு இரையாயின. புழு ஆராய்ந்து இரை தேடவில்லை. மருத்துவமனையும் பஞ்சாயத்து அலுவலகமும் அதற்கு ஒன்றே. ஒட்டு இருந்ததா இல்லையா என்பது ஒன்றே அது கண்ட வேற்றுமை.

அன்றே மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்னும் ஆங்கில இளைஞர், அந்நிரல் தாக்குவதற்கு முன் இணையத்தில் யாரும் பதிவு செய்யாத ஒரு முகவரியைத் தேடிப் பார்ப்பதையும், அங்கிருந்து விடை கிடைத்தால் அது அடங்கிவிடுவதையும் வெளிப்படுத்தினார். அம்முகவரியை அவர் பதிவு செய்தவுடன் பரவல் பெரிதும் தளர்ந்தது. தீவிலிருப்போர் இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இணையத்தோடு தொடர்பற்ற வலையமைப்பில் உள்ள பொறிக்கு அம்முகவரியின் விடை சென்று சேராது. அத்தகைய அலுவலகத்துள் எவரேனும் புழு புகுந்த மடிக்கணினியைக் கையோடு கொண்டுவந்து இணைத்துவிட்டால், வெளியுலகம் ஆறுதல் அடைந்த பின்னும் அங்கே அது தங்குதடையின்றித் தாக்கும். நம்மைச் சுற்றிக் கடல் இருக்கிறது, நம்மை எது தொடும் என்ற எண்ணம் கணிப்பொறி விஷயத்தில் பயனற்றது. தொடர்பின்மை நோயைத் தடுப்பதினும் மருந்தைத் தடுப்பதே மிகுதி.

இது 2017-இல் அந்தமானுக்கு வெறும் கருத்தளவான செய்தியாக இருக்கவில்லை. அப்போது தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. அதன் கொள்திறன் சிறிது, விலை பெரிது. நொடிக்கு 256 கிலோபிட் வேகமுள்ள இணைப்பிலே 100 மெகாபைட் அளவுள்ள ஒட்டு ஒன்றை இறக்க வேண்டுமானால், இடையே அறுந்து போகாமல் வந்தாலே 52 நிமிடங்கள் ஆகும். பஜாரில் ஒரு கடையின் ஐந்து பொறிகளும் தனித்தனியே இறக்கினால் நான்கு மணி நேரத்துக்கு மேல். அந்நேரமெல்லாம் பயணச்சீட்டுப் பதிவும் வங்கிப் பணியும் காத்துக்கிடக்க முடியுமா? தானாக வரும் திருத்தங்களை நிறுத்தி வைத்துவிடுவோம் என்ற எண்ணம் இத்தகைய இடங்களில் சோம்பலால் மட்டும் பிறப்பதன்று. அதைக் குற்றமென்று ஏசுவோர், அகன்ற இணைப்புடைய நகரங்களில் இருந்துகொண்டு ஏசுகின்றனர். ஒருவர் ஒரே முறை இறக்கிப் பேனா டிரைவில் எடுத்து, பொறிக்குப் பொறி சென்று இடுவதே அங்கே அறிவுடைய வழி.

சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழை வடம் இடப்பட்டு, 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. தலைநகரோடு சுவராஜ் தீவு, சிற்றந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய இடங்களையும் அது இணைக்கிறது. முன்னே மணிக்கணக்கில் வந்த ஒட்டு இனிக் கண்ணிமைப்பில் வரலாம். அதே வடத்தின் வழியே புழுவும் கண்ணிமைப்பில் வரலாம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கப்பலை நம்பிய பஜாருக்கு மற்றொரு வகையிலும் இவ்வோட்டை நெருக்கமானது. வானாகிரை அடங்கி ஆறு வாரங்களுக்குப் பின், 2017 ஜூன் 27-ஆம் நாள், இதே ஓட்டையையும் வேறு சில வழிகளையும் பயன்படுத்திய நாட்பெட்யா என்னும் நிரல் கிளம்பியது. உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்றான மெர்ஸ்க் அதில் சிக்கியது. மும்பைக்கு அருகில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய சரக்குப் பெட்டக முனையத்தின் பணியும் முடங்கியது. ஒட்டு வெளியாகி மூன்று மாதத்துக்கு மேலாகியிருந்தது! சரக்கு துறைமுகத்தில் கிடந்தது, கப்பலும் நின்றது, ஆளும் இருந்தனர். எந்தப் பெட்டியில் எவருடைய பொருள் என்று சொல்லும் பொறிதான் இல்லை.

இனி, வந்து சேர்ந்த ஒட்டை ஏற்றுக்கொள்வது பற்றி. “திருத்தம் முடிய, பொறியை அணைத்துத் திறக்கவும்” என்று திரையில் தோன்றும் அறிவிப்பை நாளை நாளை என்று தள்ளுவோர் பலர். அவ்வறிவிப்பு வெறும் சடங்கன்று. கணிப்பொறியைத் திறக்கும்போது வட்டிலிருந்து உட்கருவின் படி ஒன்று நினைவகத்தில் ஏறுகிறது. அதன்பின் பொறியை நடத்துவது அப்படியே. ஒட்டு வந்து வட்டில் இருக்கும் நிரலை மாற்றிவிட்டாலும், நினைவகத்தில் பழைய படியே பணியில் இருக்கும். பணியாளுக்குப் புதிய உத்தரவை எழுதிப் பலகையில் ஒட்டியாயிற்று. அவர் பழையதை மனப்பாடம் செய்துகொண்டு வேலை பார்க்கிறார் என்பது போன்றது இது. அணைத்துத் திறந்தாலன்றி அவர் பலகையைப் பார்க்க மாட்டார். லினக்ஸ் உட்கருவிலே ஓடும்போதே ஒட்டிடும் முறை 2015 முதல் உண்டு; அது பெரும்பாலும் பெரிய சேவைப் பொறிகளுக்கு உரியது. கடையின் மேசைப் பொறிக்கு இரவு கடையடைக்கும்போது ஒருமுறை அணைப்பதே போதும்.

ஒட்டு கிடைக்காத நிலையில் அறையையே பூட்டிவிடுவதும் ஒரு வழி. எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பு இன்று பெரும்பாலோர்க்குத் தேவையில்லை. அதை நிறுத்தி வைக்கலாம். 2017 இறுதியில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் அது புதிய பொறிகளில் இயல்பாக நிறுவப்படுவதே இல்லை. கோப்புப் பகிர்வுக்குரிய 445 என்னும் எண்ணுள்ள வாயிலை வெளியுலகுக்குத் திறக்காமல் தீச்சுவரால் அடைப்பதும் நன்று. ஆயினும் இவை கதவுக்குத் தாழிடுவது போன்றவை. சுவரில் உள்ள விரிசல் அப்படியேதான் இருக்கும்.

இத்தகைய விரிசல்கள் இனியும் தோன்றாவா என்றால், தோன்றும். தன் நிரல்களில் கண்டறிந்து திருத்திய பாதுகாப்புப் பிழைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது, நினைவகத்தைக் கையாள்வதில் நேர்ந்தவை என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2019-இல் தெரிவித்தனர். தட்டின் எல்லையை நிரலரின் கவனத்துக்கு மட்டும் விடாமல் மொழியே காக்கும்படி அமைந்த ரஸ்ட் என்னும் நிரல்மொழிக்கு, 2022 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் உட்கரு இடங்கொடுக்கத் தொடங்கியது. பழைய மொழிகளில் எழுதிய கோடிக்கணக்கான வரிகள் அதனால் ஒரே நாளில் மறைந்துவிடா.

விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பழைய பதிப்புக்குரிய பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளே நிறுத்திவிட்டிருந்தது. வானாகிரையின் பேரழிவைக் கண்டபின், வழக்கத்துக்கு மாறாக அதற்கும் ஓர் ஒட்டை வெளியிட்டது. அத்தகைய இரக்கத்தை ஒவ்வொரு முறையும் எதிர்பார்ப்பதற்கில்லை. விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்ட பொறிகளுக்கே அதன்பின் ஒட்டுகள் வருகின்றன. பஜாரில் கணக்கெழுதும் பொறி எந்தப் பதிப்பைக் கொண்டது என்பதை அமைப்புகள் பக்கத்தைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் அறியலாம். கடைசி ஒட்டு எந்த நாளில் இடப்பட்டது என்பதும் அங்கேயே எழுதியிருக்கும்.